பூட்டிய கதவுக்குள் ஆட்டமும் கூத்தும்: இளையோர் காப்பகத்தில் எதைக் கற்பிக்கலாம்?

சலங்கை (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சாட்ஸ்வர்த்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். நீதிமன்ற ஆணையின்பேரில் பிள்ளைகளைப் பூட்டிய கதவுகளுக்குள் வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று டர்பனுக்கு அருகே இருக்கிறது. அடுத்த பள்ளிப் பருவம் முழுவதும் வாரம் ஒரு பிற்பகல் வந்து நடனமும் நாடகமும் கற்பிக்க இயலுமா என்று அங்குள்ள சமூகப் பணியாளர் கேட்டிருக்கிறார். பதினான்கு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள். பெரும்பாலானோரின் வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஜூலு பேசுபவர்களே மிகுதி. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளைச் சேர்ந்த நம் குடும்பத்துப் பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். ‘சுகர்ஸ்’ என்னும் போதைப்பொருள் நம் தெருக்களில் செய்த நாசத்தை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகப் பணியாளர் ஒரு திட்டத்தை ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கிறார்: ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கைக் கதையை எழுத வேண்டும், அதைப் பருவ இறுதியில் பெற்றோரும் துறை அதிகாரிகளும் அமர்ந்திருக்கும் அரங்கில் நடித்துக் காட்ட வேண்டும், அதனால் மனபாரம் குறையும் என்கிறார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் இதை ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது, தயக்கத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நம்முடைய கலையில் அந்தப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன். அறிக்கையில் இதை ‘நடனச் சிகிச்சை’ என்று எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாடகச் சிகிச்சையாளர் (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் கலைவழிச் சிகிச்சையாளர் என்ற பெயரில் பணிபுரிய, சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே அறிக்கையில் ‘நடன வகுப்பு’, ‘நாடகப் பயிலரங்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். அதனால் உங்கள் பணியின் மதிப்பு குறையாது. பெற்றோரும் நீதிமன்றமும் உங்களிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

இனி முதன்மையான செய்தி. உங்கள் தயக்கம் சரியானது. பூட்டிய இடத்தில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் சொந்தக் கதையைக் கேட்டு வாங்காதவர் அநேகமாக யாருமில்லை. காவல்துறை கேட்டது, வழக்கறிஞர் கேட்டார், நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்காகக் கேட்டார், உளவியலாளர் கேட்டார். ஒவ்வொரு முறையும் அந்தக் கதை ஒரு தாளாகி, அந்தத் தாள் அவன் எங்கே தூங்குவான் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. அத்தகைய பிள்ளையிடம் ஆடல் ஆசிரியரும் வந்து ‘உன் கதையைச் சொல்’ என்று கேட்டால், அவன் பெரும்பாலும் பெரியவர்களுக்குப் பிடித்தமான, ஏற்கெனவே பழகிய ஒரு கதையைத்தான் தருவான். உண்மையிலேயே திறந்து பேசிவிட்டான் என்றால் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் வகுப்பு முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவனோ தன் இரகசியத்தைக் கேட்டவர்களோடு அதே கூடத்தில் இரவைக் கழிக்க வேண்டும். வழக்கு முடியாதவர்கள் விஷயத்தில் சட்டச் சிக்கலும் சேர்கிறது: மேடையில் சொன்னது நாளை சாட்சியமாகத் திரும்பி வரக்கூடும். மேலும், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 110ஆம் பிரிவின்படி, ஒரு பிள்ளை கொடுமைக்கு ஆளாகியிருப்பதாக நியாயமான காரணங்களோடு கருதும் ஆசிரியர் அதை உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே ‘இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது’ என்ற வாக்குறுதியை நீங்கள் எந்நிலையிலும் தர முடியாது.

வேறொருவருடைய கதையை ஆடவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. நம் நாட்டிலேயே இதற்கு ஒப்பற்ற சான்று உண்டு. ராபன் தீவுச் சிறையில் அரசியல் கைதிகள் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகொனி’ நாடகத்தை நடித்தார்கள். அரசனின் ஆணையை மீறித் தன் சகோதரனை அடக்கம் செய்யும் பெண்ணின் கதை அது. ஆணையை மீறியதற்காகவே சிறைப்பட்டவர்களுக்கு அது யாருடைய கதை என்று சொல்லவும் வேண்டுமா? அந்த நாடகத்தில் நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் ஆன்டிகொனியின் தரப்பைச் சேர்ந்ததன்று. விட்டுக்கொடுக்க மறுக்கும் அரசன் கிரியோனாக நடித்தார். தன்னைச் சிறையிட்ட அதிகாரம் எப்படிச் சிந்திக்கிறது என்பதை உள்ளிருந்து பேசிப் பார்க்க அந்த வேடம் அவருக்கு இடம் தந்தது என்றே நான் கருதுகிறேன். தன் துன்பத்தைச் சொல் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. வேடம் அணிந்தவனுக்கு எப்போதும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ‘இதைச் சொன்னது நானல்ல, அரசன்’ என்று அவன் விலகிக்கொள்ளலாம். காப்பகத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் கட்டாயம் வேண்டும்.

நடனத்துக்கும் இதே நெறிதான். வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 1942 முதல் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் பணியாற்றினார். பேச்சே நின்றுபோன நோயாளிகளுக்கு அவர் அடவு, அதாவது வகுத்த ஆட்ட அசைவு, கற்பித்துத் தொடங்கவில்லை. நோயாளி முன்னும் பின்னும் அசைந்தால் தானும் அதே வேகத்தில் அசைந்து, அந்த அசைவை மெல்ல வட்டத்தில் இருப்பவர்களிடமும் பரவச் செய்தார். நடன இயக்கச் சிகிச்சை என்ற துறை பெருமளவு அங்கிருந்து வளர்ந்தது. நீங்கள் சிகிச்சை அளிக்கப் போவதில்லை என்றாலும், அவர்களிடம் ஏற்கெனவே உள்ள அசைவிலிருந்து தொடங்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஜூலு மக்களின் இண்ட்லாமு ஆடத் தெரிந்திருக்கும்; காலை உயரத் தூக்கித் தரையை அறையும் அந்த ஆட்டத்துக்கும் நம் தட்டடவுக்கும் தரை ஒன்றுதான். சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் காலணியைத் தட்டித் தட்டி உருவாக்கிய கம்பூட் ஆட்டமும் உண்டு. முதல் சில வாரங்கள் அவர்கள் உங்களுக்குக் கற்பிக்கட்டும். எப்போதும் கற்பிக்கப்படுபவராகவே இருந்து சலித்தவர்களுக்கு அது பெரிய மாறுதல்.

கூத்துக்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். வேறொருவர் கதைக்குக் கிரேக்கம் வரை போகத்தான் வேண்டுமா என்பது மட்டுமே என் கேள்வி. நேட்டாலில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் பெற்ற தெருக்கூத்தைக் கரும்புத் தோட்டத்துக் காலம் முதல் நம் முன்னோர் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். அதில் உங்களுக்கு உடனே பயன்படக்கூடிய இரண்டு உத்திகள் இருக்கின்றன.

முதலாவது திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னிருந்து வேடக்காரர் முகம் காட்டாமலே பாடுவார், காலைத் தட்டுவார், தான் இன்ன நாட்டு அரசன் என்று தன் பெருமையை எடுத்துரைப்பார். அதன் பிறகே திரை விலகும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் மறைந்திருக்க வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அவனே முடிவு செய்கிறான். வெளியே வராமலே ஒரு பிரவேசம் முடிந்தாலும் குறையில்லை; குரலும் காலும் கேட்டாயிற்று. திரை பிடித்து நிற்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு கிடைக்கிறது. இன்னொருவனுடைய மறைவைக் காக்கும் வேலை அது.

இரண்டாவது கட்டியங்காரன். அவன் கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியேயும் இருப்பான். அரசனையே நிறுத்தி, ‘இப்படிச் செய்கிறாயே, நியாயமா?’ என்று கேலி பேசுவான். அவையோரைப் பார்த்துக் கருத்துக் கேட்பான். பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்டோ போவால் வகுத்த மன்ற அரங்கிலும் ‘ஜோக்கர்’ என்றொருவர் நாடகத்தை நிறுத்திப் பார்வையாளர்களை உள்ளே அழைத்து, ‘இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய், செய்து காட்டு’ என்பார். போவால் ராணுவ ஆட்சியில் 1971இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டியங்காரன் வேடத்தைப் பிள்ளைகள் மாறி மாறி ஏற்கட்டும். சூதாட்டக் களத்தில் தருமன் மீண்டும் காயை உருட்டப் போகும்போது கட்டியங்காரன் அவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒரு காட்சி மட்டுமே பல வாரங்களுக்குப் போதும். தன்னால் நிறுத்த முடியாத ஒன்றில் மாட்டிக்கொண்டவன் எப்படிப் பேசுவான் என்பது சுகர்ஸ் பழகிய பிள்ளைக்குத் தெரியும். அதைத் தன் கதை என்று சொல்லாமலே பேசிவிடுவான்.

எந்தக் கதையை எடுப்பது என்பதில் கவனம் தேவை. பெண் பிள்ளைகளோடு துகிலுரிதலைத் தொடவே வேண்டாம். அங்கிருப்பவர்களில் யாருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. கர்ணனை எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஆற்றில் விடப்பட்ட குழந்தை, பின்னாளில் தாய் வந்து வரம் கேட்கும் காட்சி எல்லாம் மிக உயர்ந்த நாடகந்தான். தாய் பார்க்க வராத ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பான் என்பதால் நான் தவிர்ப்பேன். கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் 2007இல் பிரசிடென்சி சிறையில் பணியைத் தொடங்கி, கைதிகளைக் கொண்டு தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வை மேடையேற்றினார். கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதை. அது அங்கே மிகப் பொருந்தியது. ஆனால் உங்கள் பிள்ளைகளில் பலர் இன்னும் குற்றவாளிகள் என்று தீர்க்கப்படாதவர்கள். திருந்தும் கொள்ளைக்காரனின் கதையை அவர்கள் கையில் கொடுத்தால், தீர்ப்பை நீங்களே முன்கூட்டி எழுதியதாகும்.

ஓய்வுபெற்ற சிறை அலுவலர் (டர்பன்) எழுதியது:

கலை பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. வாயிற்கதவு பற்றிச் சொல்கிறேன்.

தட்டுக்கழியைக் கொண்டுபோகாதீர்கள். அது ஆயுதமாகக் கருதப்படும் என்பது ஒரு காரணம். பிரம்பால் அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு மரத்தின்மேல் கழி விழும் ஓசை தாளமாகக் கேட்காது என்பது அதைவிட முக்கியமான காரணம். கையைத் தட்டியோ வாயால் சொற்கட்டுச் சொல்லியோ நடத்துங்கள். சலங்கை வேண்டுமென்றால் எத்தனை மணி, எத்தனை கயிறு என்று எழுதிக் கொடுத்து, போகும்போது எண்ணி எடுத்து வர வேண்டும். ஊக்கு, கண்ணாடி வளையல், ஒப்பனைப் பெட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

முத்திரைகளைக் கற்பிக்கும் முன் காவலர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நம் நாட்டுச் சிறைகளில் 26, 27, 28 என்ற எண்களால் அறியப்படும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்கு விரல்களால் காட்டும் வணக்க முறைகள் உண்டு. காப்பகத்துப் பிள்ளைகளில் சிலர் அவற்றைத் தெருவிலேயே கற்று வந்திருப்பார்கள். கட்டைவிரலை நிமிர்த்தும் சிகரமும், கட்டைவிரலோடு சுட்டுவிரலையும் விரிக்கும் சந்திரகலையும் உங்களுக்கு அபிநயம். ஒரு காவலருக்கோ, இன்னொரு பிள்ளைக்கோ அவை வேறு அர்த்தம் தரலாம். என் பணிக்காலத்தில் இதைவிடச் சிறிய சைகைக்கெல்லாம் கைகலப்பு நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து உட்கொள்ளும் பிள்ளைகள் யார் என்று செவிலியரிடம் பெயர் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் மனநோய்க்கான மருந்துகளில் சில தசை விறைப்பையும், உட்கார முடியாத தவிப்பையும், எழுந்தால் தலைசுற்றலையும் தரக்கூடும். முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்க முடியாதவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணை மூடச் சொல்லும் பயிற்சிகளும், ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கும் அமைப்பும் வேண்டாம். அடவைத் திருத்துவதற்காக முழங்கையைத் தொட்டு உயர்த்தும் வழக்கம் எல்லா நடன ஆசிரியர்களுக்கும் இருக்கிறது. அங்கே அதை விட்டுவிட வேண்டும்.

புகைப்படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘முகம் தெரியாத படம்தானே’ என்று கூடப் பகிரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தடை விதிக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த பிறகும் அந்தப் பாதுகாப்புத் தொடர வேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைக்காரர் (ஃபீனிக்ஸ்) எழுதியது:

எல்லோரும் பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மாற்றுக் கருத்தை எழுதுகிறேன். என் கடையில் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தவனுக்குப் பதினாறு வயது இருக்கும். அன்றிலிருந்து என் மனைவி கடைக்கு வருவதில்லை. அவளுக்கு ஆடலும் பாடலும் சொல்லிக்கொடுத்து மனத்தைத் தேற்ற யாரும் வரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு மேடை, கைதட்டல், அதிகாரிகளின் பாராட்டு. இதனால் அவர்கள் திரும்பவும் குற்றம் செய்யமாட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

நாடகச் சிகிச்சையாளர் எழுதியது:

ஐயா, உங்கள் துணைவியாருக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகவே விடை சொல்கிறேன். சிறையில் நாடகமோ நடனமோ நடத்தியதால்தான் மறுகுற்றம் குறைந்தது என்று உறுதியாகக் காட்டுவது கடினம். இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. விரும்பி வந்து சேர்ந்தவர்களையே பார்த்தவை. எனவே அந்த வாக்குறுதியைத் தந்து யாரும் நிதி கேட்கக் கூடாது என்பதே என் கருத்து. இந்தப் பணியிலிருந்து எதிர்பார்க்கத்தக்கது இதைவிட எளியது: தன் முறை வரும் வரை காத்திருத்தல், எள்ளலைத் தாங்குதல், தான் அல்லாத ஒருவரின் இடத்தில் நின்று பேசிப் பார்த்தல். இவற்றைப் பூட்டிய அறையில் வேறு வழியாகப் பழக வாய்ப்புக் குறைவு. சீர்திருத்தப் பணிகள் பற்றிய 2005ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை மறுவாழ்வை மையத்தில் வைத்ததும், அடைத்து வைப்பது மட்டும் போதாது என்ற எண்ணத்தால்தான்.

பாதிக்கப்பட்டவரின் இடம் குறித்து நீங்கள் சொன்னது முழுவதும் நியாயம். இளையோர் நீதிச் சட்டம் பாதிக்கப்பட்டவரும் பங்கேற்கும் குடும்பக் கூட்டத்துக்கும் சமரசப் பேச்சுக்கும் வழி வைத்திருக்கிறது. அங்கே உங்கள் துணைவியார் விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். அந்த உரிமையை நாடக வகுப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது. குற்றம் செய்தவரைப் பாதிக்கப்பட்டவரின் வேடத்தில் நிறுத்தும் பயிற்சிகள் உண்டு. இங்கிலாந்தின் கீஸ் நாடகக் குழு முகமூடிகளைக் கொண்டு இத்தகைய பணியைச் சிறைகளிலும் நன்னடத்தைத் துறையிலும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. பயிற்சி பெற்றவர்கள், தீர்ப்பு முடிந்தவர்களோடு செய்ய வேண்டிய வேலை அது. சகோதரி அதைத் தொட வேண்டாம்.

கைதட்டலைப் பற்றியும் ஐயா சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. அதிகாரிகள் முன் வரிசையில் அமரும் விழா யாருக்காக நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் விடை பிள்ளைகளுக்காக என்று வருவதில்லை. வெஸ்ட்வில் பெண்கள் சிறையில் 2000ஆம் ஆண்டு முதல் அன்றைய நேட்டால் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையினர் பணிபுரிந்தபோது, கைதிகளாயிருந்த பெண்களே நாடகங்களை உருவாக்கினார்கள். 1979இல் இங்கிலாந்தில் அஸ்காம் கிரேஞ்ச் சிறையில் கைதிகளான இரு பெண்கள் தாங்களே தொடங்கியதுதான் ‘கிளீன் பிரேக்’ நாடகக் குழு. உள்ளிருப்பவர்கள் எதைக் காட்ட விரும்புகிறார்கள், யாருக்குக் காட்ட விரும்புகிறார்கள் என்பதை அவர்களே முடிவு செய்த இடங்களில்தான் இப்பணி வேரூன்றியிருக்கிறது. எவரும் எதையும் காட்ட விரும்பவில்லை என்றால், காட்டாமலே பருவம் முடியட்டும்.

சலங்கை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சமூகப் பணியாளரிடம் பேசினேன். வாழ்க்கைக் கதைத் திட்டத்தைக் கைவிட முதலில் தயங்கினார். சாட்சியச் சிக்கலைச் சொன்னதும் காப்பகத்தின் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். பெயரும் ‘நடன, நாடக வகுப்பு’ என்று மாறிவிட்டது. இறுதி நிகழ்ச்சி குறித்துப் பிள்ளைகளிடமே கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். காவலர் ஒருவர் வட்டத்தில் தானும் ஆடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கம்பூட் ஆட்டம் நன்றாக ஆடுவாராம். கடைக்கார ஐயா எழுதியதையும் மறக்கவில்லை. உங்கள் துணைவியாருக்கு விருப்பம் இருந்தால், மாலை நேரங்களில் பெரியவர்களுக்கென்று நான் நடத்தும் வகுப்புக்கு அவரை அழைத்து வாருங்கள், கட்டணம் வேண்டாம்.

கூத்துக்கார ஐயாவிடம் ஒரு கேள்வி: திரைத்துணி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? நீளமான துணியை உள்ளே அனுமதிப்பார்களா என்று தெரியவில்லை.

கூத்துக்காரர் எழுதியது:

அம்மா, இரண்டு பேர் கையை நீட்டிப் பிடிக்கும் அளவே போதும். வேடக்காரரின் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தால் சரி. சேலையையோ வேட்டியையோ கொண்டுபோகாதீர்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமுள்ள பிள்ளை இருக்கக்கூடிய இடத்தில் நீண்ட துணி ஆபத்து. நடுவில் சில இடங்களில் தைத்து இணைத்த, இழுத்தால் பிரிந்துவிடும் மெல்லிய துணித் துண்டுகளாக இருக்கட்டும். அதையும் முன்கூட்டியே காட்டி அனுமதி பெறுங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் திரை பிடித்தவர்களே மடித்து உங்கள் கையில் கொடுக்க வேண்டும், நீங்கள் காவலர் முன்னிலையில் பதிவேட்டில் குறிக்க வேண்டும். காப்பகத்தார் துணியே கூடாது என்றால், இரண்டு பெரிய அட்டைப் பலகைகளைக் கேளுங்கள். திரை விலகுவதற்குப் பதில் பலகைகள் கதவுபோல் திறக்கும். பிரவேசப் பாட்டுக்கு அதனால் எந்தக் குறையும் வராது.